மாமா பாட்டில் வந்த ஒரு சொல்

போன மாதம் நம் பள்ளித் தோழிகளின் போன் குழுவில் ஒருத்தி ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். கறுப்புச் சட்டை போட்ட நாலைந்து பிள்ளைகள் மேடையில் நின்று, கிட்டார் வாசித்துக்கொண்டு, மெதுவாக இழுத்துப் பாடுகிறார்கள். கீழே "வடசென்னை மக்கள் பாடல், இயற்றியவர் தெரியவில்லை" என்று போட்டிருந்தது.

அதில் "மப்பு வந்து மூடிக்கிச்சு மச்சானோட கண்ணு ரெண்டும்" என்று ஓர் அடி வருகிறது. அதை வைத்துத்தான் இரண்டு நாள் சண்டை போட்டீர்கள். எண்ணூர்க் காற்று கெட்டுப்போனதைச் சொல்கிறார்கள், மப்பு என்றால் மேகமூட்டம் என்றாள் ஒருத்தி. நம்ம பக்கத்தில் மப்பு என்றால் போதைதானே, இது குடிக்கு எதிரான பாட்டு, என் மருமகனுக்கு அனுப்பிவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. எங்கள் தெருவில் கல்யாண ஊர்வலத்தில் இதற்குத்தான் குத்தாட்டம் போடுவார்கள், இதில் என்ன சமூகக் கருத்து என்று மூன்றாமவள் கேட்டாள். அதற்குச் சிரிக்கிற பொம்மை ஏழெட்டு விழுந்தது.

நான் ஒன்றும் எழுதவில்லை. நீ ஏன் சும்மா இருக்கிறாய் என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். அதற்குத்தான் இந்த நீளமான பதில். அந்தப் பாட்டைக் கட்டியது என் மாமா. அதில் வரும் மச்சான் என் அப்பா. அதை முதன்முதலில் காகிதத்தில் எழுதியது நான்.

அப்போது நாம் ஆறாம் வகுப்பு. திருவொற்றியூரில் கம்பெனிச் சுவரை ஒட்டி ஒன்பது வீடுகள் ஒரே வரிசையில் இருக்குமே, அதில் நான்காவது எங்களுடையது. உங்களில் இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். வரும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு வருவீர்கள். அழுகின முட்டை நாற்றம் என்பீர்கள். எங்களுக்கு அது தெரியாது. வெளியூர் போய்த் திரும்பினால் முதல் நாள் மட்டும் தெரியும். என் வெள்ளிக் கொலுசு ஒரு வாரத்தில் கறுத்துவிடும், அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துத் தருவாள். கொடியில் காயப்போட்ட துணியில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு விழும். பள்ளிக்கூடச் சட்டையைக் கம்பெனிப் பக்கம் காட்டாமல் உள்ளே காயவைக்க வேண்டும்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனியில் நிரந்தர ஆள், கழிவுத் தொட்டிப் பக்கம் வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் மஞ்சள் போகாது. சோறு பிசையும்போது அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்பெல்லாம் நைனா குடிப்பார். மறைக்க ஒன்றுமில்லை. நான் நான்காம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது, அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கப்புறம் தொடவில்லை. நாக்கு கேட்கிற சாயங்காலங்களில் என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து நெடுஞ்சாலை வரைக்கும் மிதிப்பார். அங்கே ஒரு கோலி சோடா. பாதி அவருக்கு, பாதி எனக்கு. அவர் செத்த அன்று அந்தச் சைக்கிள் கம்பெனி ஸ்டாண்டில் நின்றிருந்தது. யாரும் போய் எடுத்துவரவில்லை. எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் குடியை விட்டது வரிசையில் எல்லோருக்கும் தெரியும். முன்பு குடித்ததும் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டில் எது கடைசியில் நிற்கும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

ஐப்பசி மாதம். அன்று காலை விடிந்தும் வெளிச்சமில்லை. வானம் மூடிக்கொண்டு கிடந்தது. நாம் வகுப்பில் இருந்தோம், உங்களுக்கு நினைவிருக்கலாம். பதினோரு மணி இருக்கும், கம்பெனிச் சங்கு ஊதியது. ஷிப்டு மாறும் நேரமில்லை அது. கணக்கு டீச்சர் சாக்பீஸோடு திரும்பி மணியைப் பார்த்தார். கம்பெனியில் அப்பா வேலை செய்த பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் வீட்டில் என்று தெரியாத அந்த அரைமணி நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற மூவரில் யாராவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதை இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.

கூட வேலை செய்தவர் ஒருவர் அம்மாவிடம் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, நடந்ததைச் சொன்னார்.

"சேறு இழுக்கிற பம்பு ரெண்டு நாளா ரிப்பேருங்க்கா. சூப்பர்வைசரு ஏணிய போட்டு எறங்கி அள்ளுன்னுட்டாரு. மூஞ்சில மாட்டுற சாமான்லாம் ஸ்டோர்ல வெச்சிப் பூட்டிக் கீது, சாவி இல்லன்றாங்க. ஈரத்துண்ட மூக்குல கட்டிக்கினு எறங்குனாரு. சேத்தக் கிண்டுனதும் பொகமாரி கெளம்பிச்சி. 'ஒண்ணியும் தெர்லடா'ன்னு ஒரு வாட்டி சத்தம் குடுத்தாரு. அவ்ளோதாங்க்கா."

அம்மா அழவில்லை. அடுப்பில் இருந்த சோற்றை வடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. மூலக்கொத்தளத்தில் இருந்தார். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் கூடை ஏற்றுவார். மற்ற நேரம் சாவு வீடுகளில் கானா பாடுவார். ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் பெரியது. எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டெல்லாம் தலைக்குள்ளேயே கட்டி, தலைக்குள்ளேயே வைத்திருப்பார். அன்று சாயங்காலம் உறவெல்லாம் கலைவதற்கு முன், எங்கள் வீட்டு அன்னக்கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு பாடினார்.

எறங்கிப் போன ஏணி இன்னும் எங்க போவ நிக்குது
ஏறி வர ஆளு இல்ல, எங்கக்கா சோறு ஆறுது
மப்பு வந்து மூடிக்கிச்சு மச்சானோட கண்ணு ரெண்டும்
தப்பு யாரு செஞ்சதுன்னு தொட்டிக்குத்தான் தெரியுமம்மா
ஏந்து வா மச்சான், ஏந்து வா

"சோறு ஆறுது" என்ற இடத்தில் அம்மா உடைந்தாள். பதினாறு நாள் அழாதவள், சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி பாடுடா" என்றாள். மாமா மூன்று முறை பாடினார். அன்று அங்கே இருந்த முப்பது நாற்பது பேரில் ஒருவருக்கும் அந்தச் சொல் வேறு மாதிரிப் படவில்லை. தொட்டிக்குள் கிளம்பிய புகை, நைனாவின் கண்ணை மூடிவிட்டது. அவ்வளவுதான் எல்லோரும் கேட்டது.

காரியத்துக்கு வந்தவர்களில் கம்பெனிச் சங்கத் தலைவரும் ஒருவர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். மறுநாளே திரும்ப வந்தார்.

"இந்தப் பாட்ட கம்பெனி கேட்டாண்ட மீட்டிங்ல பாடணும்பா. 'ஏந்து வா'ன்னு வருது பாரு, அதான் இதோட உசுரு. ஒவ்வொரு தொழிலாளியையும் ஏந்து வான்னு கூப்புடுற நீ."

மாமா தலையைச் சொறிந்தார். "நான் மச்சானத்தாங்க கூப்ட்டேன்."

"உனுக்கு மச்சான். கேக்குறவங்களுக்கு வர்க்கம்."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "வோணாம்ணே. இது எங்க வூட்டு அழுக. அத்த கொண்டுபோயி கேட்டாண்ட ஒட்டாதீங்க."

"வூட்டுக்குள்ளயே அழுதுகினு கீந்தா உனுக்கு யாரும்மா நியாயம் குடுப்பாங்க? பாட்டு வெளிய போனாத்தான் கம்பெனிக்காரன் பயப்படுவான்."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். அவருக்கு ஆசை. சாவு வீட்டில் பாடினால் மறுநாள் மறந்துவிடுவார்கள், அச்சில் வந்தால் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆசையை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். எனக்குத்தான் கையெழுத்து அழகு என்று வகுப்பில் பேர். சமூக அறிவியல் நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, மாமா ஒவ்வோர் அடியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். மப்பு என்று எழுதும்போது என் கை நிற்கவில்லை. மழைக்கு முன்னால் வாசலில் நின்று "மப்பா கீது, துணிய எடு" என்று அம்மா சொல்வாளே, அந்த மப்பு. இன்னொரு மப்பும் எனக்குத் தெரியும். அந்த வரிசையில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் மாமாவின் பாட்டில் அது எனக்குக் கேட்கவே இல்லை.

நான்கு நாளில் ரோஸ் காகிதத்தில் நோட்டீஸாக வந்தது. தொட்டால் மை விரலில் ஒட்டும். கீழே மாமாவின் பெயர். மாமா ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, "எம் பேரு எங்க கீது, காட்டு பாப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தை அவரும் தொட்டுப் பார்த்தார். ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் கம்பெனி வாசலில் நூறு இருநூறு பேர் சேர்ந்து பாடினார்கள். வீட்டிலிருந்தே கேட்கும். அம்மா கதவைச் சாத்திவிடுவாள்.

வேலையில் இருக்கும்போது இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது கம்பெனியில் வழக்கம். அம்மா மனு கொடுத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு விசாரணை உண்டென்று கடிதம் வந்தது. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். படித்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனாள்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். பேன்ட் போட்ட ஒருவர் அம்மாவை "உட்காருங்கம்மா" என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார். பிறகு கோப்பிலிருந்து ரோஸ் நோட்டீஸை எடுத்தார்.

"இது யார் எழுதினதும்மா?"

"என் தம்பி சார்."

"உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தானே?"

"ஆமா சார்."

"'மப்பு வந்து மூடிக்கிச்சு.' மப்புன்னா என்னம்மா?"

"மூட்டம் சார். மேகமாரி. தொட்டியில பொக கெளம்பிச்சில்ல, அத்த சொல்றான்."

"சரி. உங்க தெருவுல ஒருத்தர் குடிச்சிட்டு வந்தா என்ன சொல்வீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. படிக்கிற பொண்ணாச்சே."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. வகுப்பில் நான்தான் முதலில் கை தூக்குவேன், உங்களுக்குத் தெரியும். "மப்புல கீறாருன்னு சொல்வாங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

"அவரு முன்னாடி குடிச்சாரு சார்," என்றாள் அம்மா. குரல் ஏறிவிட்டது. "ரெண்டு வருசமா இல்ல. அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணவரு. அன்னிக்குக் காலையில நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். நான் பொண்டாட்டி, எனுக்குத் தெரியாதா?"

முன்னாடி குடிச்சாரு என்பதையும் அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் பாட்டு எழுதியவரையும் கூட்டி வரச்சொன்னார். வெளியே வந்ததும் அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வீடு வரைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் வந்து பார்த்தால் விரல் தடம் ஐந்தும் சிவந்திருந்தது.

மறுநாள் நான் தமிழ் டீச்சரிடம் போனேன். சத்தம் போடாமல் பாடம் நடத்துவாரே, அவர்தான். அழுதுகொண்டே சொன்னேன். அவர் தலைமை ஆசிரியை அறையிலிருந்து பெரிய அகராதியை எடுத்துவந்து, பக்கம் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார். மப்பு, மேகம் மூடியிருத்தல். எனக்கு உலகமே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. நோட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் பொருளை எழுதி முடித்து மூடப்போனபோது டீச்சர் தடுத்தார்.

"கீழே இன்னொரு பொருள் இருக்கு பார். மயக்கம், வெறின்னு. அதையும் எழுது."

"அது வேணாம் டீச்சர்."

"பாதியை மட்டும் எழுதினா அது பொய் சொல்ற மாதிரிம்மா. ரெண்டையும் எழுது. எந்தப் பொருள் பொருந்தும்னு இடத்தைப் பார்த்துப் படிக்கிறவங்க எடுத்துப்பாங்க."

நான் இரண்டையும் எழுதினேன். டீச்சர் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. படிக்கிறவர்கள் எல்லோரும் தன்னைப் போலவே படிப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம்.

இரண்டாம் முறை போனபோது மாமா கம்பெனி கேட்டில் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பக்கத்தில் போனதும் அம்மா நின்றுவிட்டாள்.

"டேய். ஊத்திக்கினு வந்துகிறியாடா?"

"பயமா கீதுக்கா. ஆபீசரு முன்னால நின்னு பேசணுமே. ஒரே ஒரு கிளாஸ்தாங்க்கா. பாக்குப் போட்டுக்கினேன், வாசனை வராது."

திருப்பி அனுப்ப முடியாது. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அறையில் அதிகாரியோடு கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். எங்கள் பக்கம் சங்கத் தலைவர். நடந்ததை வாசலில் நின்று சொன்ன அந்த ஆள் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மாமா உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

"மப்புன்னா மேகம் சார். வேற ஒண்ணியும் இல்ல. அன்னிக்கு வானமும் மப்பா இருந்திச்சி, தொட்டியும் மப்பா இருந்திச்சி. எம் மச்சான் கண்ணு தெரியாம கீறாரு உள்ள. அத்தத்தான் சார் பாடுனேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுகையில் வாய் திறக்க, வாசனை அறை முழுக்க வந்தது.

அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "இப்போ நீங்க எந்த மப்புல இருக்கீங்க?" என்று கேட்டார். கம்பெனி ஆட்களில் ஒருவர் சிரித்தார்.

அம்மா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். அதிகாரி முதல் பொருளை மனதுக்குள் படித்தார், தலையாட்டினார். இரண்டாவதைச் சத்தமாகப் படித்தார். "உங்க டீச்சரே கையெழுத்துப் போட்டிருக்காங்களே பாப்பா" என்றார்.

கடைசி நம்பிக்கை சங்கத் தலைவர். அவர் எழுந்தார், கண்ணை மூடினார். "மப்பு என்றால் அதிகார மப்பு! தொழிலாளியை மனிதனாக மதிக்காத நிர்வாகத்தின் மப்பு! அந்த மப்புதான் அவர் கண்ணை மூடியது!"

"அப்போ மேகம் இல்லையா?" என்றார் அதிகாரி.

"அண்ணே, மேகம்னு சொல்லுங்கண்ணே." அம்மா கை கூப்பினாள். "ஒரு வார்த்த. மேகம்னு சொல்லிடுங்க."

"பாட்டு மக்களோட சொத்தும்மா. அத்த ஒரு அர்த்தத்துல போட்டு அடைக்கக் கூடாது."

இரண்டு மணி நேரம் நடந்தது. பம்பு ஏன் ரிப்பேராகிக் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இறங்கு என்று சொன்ன சூப்பர்வைசரை அந்த அறைக்குக் கூப்பிடவே இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றியே பேசி முடித்துவிட்டார்கள். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். ஆனால் தேடி அலைந்திருப்பார்கள் இல்லையா? நாங்கள் அச்சடித்தே கையில் கொடுத்துவிட்டோம்.

பொங்கலுக்கு முன்னால் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். தொழிலாளி மது அருந்திய நிலையில், எவர் சொல்லுமின்றித் தாமாகவே தொட்டிக்குள் இறங்கியதாகத் தெரிகிறது, ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தர இயலாது. "எவர் சொல்லுமின்றி" என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். சொன்னேன். கடிதத்தை வாங்கி, எழுத்து தெரியாதவள் போலத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே குந்தினார்.

"ஏண்டா," என்றாள் அம்மா. "மூட்டம்னு ஒரு வார்த்த உனுக்கு வரலியா? பொகைனு ஒரு வார்த்த வரலியா?"

 குந்தியபடியே மாமா சொன்னார். "அடுத்த அடியில தப்புன்னு வரணும்க்கா. தப்பு யாரு செஞ்சதுன்னு கேக்கணும்ல? தப்புக்கு எடுப்பா மப்புதான் வந்திச்சி."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பெனிக்காரன் தப்பைக் கேட்பதற்காகத்தான் அந்தச் சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறார். அவள் அதைப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். புரிந்துகொண்டுதான் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். பனிக்கட்டித் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். சோறு பிசைய முடியாமல் கரண்டியில் சாப்பிடுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். ஏன் என்று அப்போது நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது, அங்கேதான் மிச்சத் தமிழைக் கற்றேன். டீச்சர் கையெழுத்துப் போட்டு, நாங்கள் திரும்ப வாங்கிவந்த தாளும் ரோஸ் நோட்டீஸும் ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டன.

பாட்டு போகவில்லை. கேட்டில் பாடியவர்கள் வழியாகப் பரவியது. பரவும்போது ஏணியும் சோறும் உதிர்ந்துவிட்டன. மப்பு அடி மட்டும் நின்றது. தாளம் வேகமானது. இரண்டு மூன்று வருடத்தில் கல்யாண ஊர்வலத்தில் பாடத் தொடங்கிவிட்டார்கள். மாமாவையே கூப்பிட்டுப் பாடச் சொன்னார்கள். மீன் கூடை தூக்கி முதுகு போயிருந்த நேரம், அவரும் போனார்.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் நானே பார்த்தேன். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். டிரம் செட்டுக்கு நடுவில் மாமா. "பொக வந்து மூடிக்கிச்சு" என்று மாற்றித்தான் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் கையில் பாட்டிலோடு, "யோவ், மப்பு பாடுய்யா! மப்பு!" என்று கத்தினார்கள். அவர் மறுபடி "பொக" என்றார். ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து, செல்லமாகத்தான், உலுக்கினான். மாமா கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே மப்பு என்று பாடினார். எல்லோரும் விசிலடித்து ஆடினார்கள். "தப்பு யாரு செஞ்சதுன்னு" என்ற அடியில், தள்ளாடுவது போல நடித்து ஒருவன் கீழே விழுந்தான், அதற்கு ஒரே சிரிப்பு. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மாமாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த வயதில் எனக்கும் அம்மாவின் கோபம்தான் இருந்தது.

சில வருடம் கழித்து மாமா ஈரல் கெட்டுச் செத்தார். நான் மட்டும் போனேன். அம்மாவிடம் சொன்னபோது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "எத்தினி மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அந்த மணி வரைக்கும் கல் பொறுக்கினாள் என்று பிறகு பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஆக, தோழிகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். மேகம்தான். புகைதான். பாட்டைக் கட்டியவர் சொன்னதை, எழுதிய கை சொல்கிறது. மேடையில் பாடிய அந்தப் பிள்ளைகளுக்கும் எழுதிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர்கள் நல்ல பிள்ளைகள், கேட்டால் நம்புவார்கள். ஆனால் நம்பி என்ன ஆகப்போகிறது? கம்பெனி மூடி, இடித்து, அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மேகம் என்று இன்று தெரிந்தால் யாருக்கு வேலை கிடைக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன் போலிருக்கிறது.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி வரைக்கும் புத்தி தெளிவாகத்தான் இருந்தாள். போவதற்கு ஒரு மாதம் முன், ஒரு மத்தியானம், கட்டிலில் உட்காரவைத்து அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி என்று நினைவு. திடீரென்று கேட்டாள்.

"ஏம்மா, உங்க நைனா அன்னிக்கு ஊத்திக்கினுதான் போனாரோ?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "இன்னாம்மா பேசுற? நீதானம்மா டீ போட்டுக் குடுத்த. நீயே ஆபீசராண்ட கத்தினியே."

"டீ குடுத்தேன். அதுக்கப்புறம் வெளிய போயி இன்னா பண்ணாருன்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

"இல்லம்மா. நைனா குடிக்கல. எனுக்கு நல்லாத் தெரியும்."

"உனுக்கு இன்னா தெரியும், நீ சின்னப் பொண்ணு," என்றாள். என் மேல் கோபமில்லை. அடுத்த விரலை நீட்டினாள். "பாட்டுல அப்டித்தானே கீது."